பேபி வாக்கர்: பதினோரு நாள் ஓட்டிப் பார்த்த பிறகு

இந்த வாக்கரில் ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, உடைந்து வந்ததா, சக்கரம் கழன்றதா, நிறம் வேறா என்று கேட்பீர்கள். ஒன்றும் உடையவில்லை. சக்கரம் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. படத்தில் பார்த்த அதே மஞ்சள். நான் ஒரு நட்சத்திரம் கொடுப்பதற்குக் காரணமே அது இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதுதான்.

எட்டு மாதப் பாப்பாவுக்கு வந்த பரிசு. என் பெரியம்மா ஆன்லைனில் ஆர்டர் போட்டு நேராக வீட்டுக்கே அனுப்பிவிட்டார். கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. எழுதியும் பயனில்லை, இந்த வண்டிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த மாதிரிதான் இருக்கின்றன: வட்டமான பிளாஸ்டிக் அடிச்சட்டம், அதில் எட்டுச் சக்கரங்கள், நடுவில் கால் விட்டு உட்கார ஒரு துணி இருக்கை, முன்னால் பொம்மையும் பாட்டுப் பெட்டியும் பதித்த தட்டு. அப்புறம் ஒரு விஷயம், நான் சொல்வது குழந்தையை உள்ளே உட்கார வைக்கிற வாக்கர். குழந்தை பின்னால் நின்று பிடித்துத் தள்ளுகிற நடைவண்டி வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு என்னைத் திட்ட வேண்டாம்.

பொருளாகப் பார்த்தால் நேர்த்தியாகச் செய்திருக்கிறார்கள். இருபது நிமிடத்தில் பூட்டிவிடலாம். உயரம் மூன்று படியாக மாற்றலாம். பாட்டுப் பெட்டியின் பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ வைத்திருக்கிறார்கள், குழந்தை நகத்தால் நெம்பித் திறக்க முடியாது, அதற்கு ஒரு சபாஷ். இருக்கைத் துணியைக் கழற்றித் துவைக்கலாம். மடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அடிச்சட்டத்தின் கீழே நாலு இடத்தில் ரப்பர் பட்டை ஒட்டியிருக்கிறது, அது எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியாது, தரையில் கீறல் விழாமல் இருக்கவாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் ஒரு எச்சரிக்கை ஸ்டிக்கர், மாடிப்படி, அடுப்பு, தண்ணீர், எல்லாவற்றுக்கும் சேர்த்து. படித்தேன். எல்லோரும் படிப்பது போலத்தான் படித்தேன்.

முதல் மூன்று நாள் சொர்க்கம். மறைத்துப் பயனில்லை. அதுவரை பாப்பா உட்காருவாள், கவிழ்ந்து நீந்துகிற மாதிரி கொஞ்சம் நகர்வாள், அவ்வளவுதான். வாக்கரில் இறக்கிவிட்ட இரண்டாவது நாள் ஹாலின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குச் சிரித்துக்கொண்டே பறந்தாள். எட்டு மாதமாகக் கைக்கு ஓய்வில்லாமல் இருந்த எனக்கும் மனைவிக்கும் திடீரென்று இரண்டு கை கிடைத்தது. நான் நின்றுகொண்டு சாப்பிடுவதை விட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். இதை யாராவது பெற்றோர் படித்தால் அவர்களுக்கு இதன் அருமை புரியும்.

நாலாவது, ஐந்தாவது நாளில்தான் அவள் பாதத்தைக் கவனித்தேன். முழுப் பாதத்தை ஊன்றவில்லை, நுனிவிரலால் தரையை உந்தி உந்தி ஓடுகிறாள். இருக்கையை ஒரு படி இறக்கிப் பார்த்தேன், அப்போதும் அப்படித்தான். வாக்கரிலிருந்து தூக்கிக் கீழே விட்டால் தவழ முயற்சி செய்யாமல் கையைத் தூக்கி வாக்கரைக் காட்டி அழுகிறாள். சரி, பழகிவிட்டாள் என்று விட்டுவிட்டோம்.

பதினோராவது நாள் நான் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். பாப்பா அறையின் அந்தப் பக்கம், கதவோரம். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கட்டில் நீளம் இருக்கும். மேசை மேல் அயர்ன் பாக்ஸை நிறுத்தி வைத்துவிட்டு, அடுத்த சட்டையை எடுக்கத் திரும்பினேன். திரும்பினேன் என்றால், கழுத்தை மட்டும்தான், கால் அசையவில்லை. திரும்பி வருவதற்குள் அவள் மேசையடிக்கு வந்து தொங்கிக்கொண்டிருந்த ஒயரைப் பிடித்து இழுத்துவிட்டாள். அயர்ன் பாக்ஸ் அவள் முன்னால் இருந்த தட்டின் மேல் விழுந்தது. விரலுக்கும் அதற்கும் இடையே நாலு விரற்கடை கூட இல்லை. விழுந்த வேகத்தில் பாட்டுப் பெட்டியின் பொத்தான் அமுங்கி, ஆடு மாடு சத்தத்தோடு ஒரு பாட்டு ஓட ஆரம்பித்தது. அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளாஸ்டிக் உருகும் நாற்றம். அவளைத் தூக்கினேன், பிளக்கைப் பிடுங்கினேன், எது முதலில் என்று ஞாபகம் இல்லை. அவளுக்கு ஒன்றும் இல்லை. தட்டில் முக்கோணமாக ஒரு கருகிய தடம், நுனி அவள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்து.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. போனை எடுத்துத் தேட ஆரம்பித்தேன். கனடாவில் இந்தப் பொருளை விற்கவே கூடாது என்று சட்டம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. 2004 ஏப்ரல் 7 முதல். வாக்கருக்கு இப்படி முழுத் தடை போட்ட முதல் நாடு அதுதான். கடையில் விற்பது, வெளியிலிருந்து இறக்குமதி செய்வது, விளம்பரம் செய்வது, பழையதை வீட்டு வாசலில் பரப்பி விற்பது, எல்லாமே தடை. மீறினால் 1,00,000 கனடிய டாலர் வரை அபராதம், அல்லது 6 மாதம் சிறை. அதற்கு முன்னால் 1989-லிருந்தே அங்கே பெரிய கடைகள் தாமாகவே விற்பதைக் குறைத்துக்கொண்டிருந்தன, ஆனால் பழைய வண்டிகளும் சின்னக் கடைச் சரக்கும் வீடுகளுக்குப் போய்க்கொண்டேதான் இருந்தன, குழந்தைகள் அடிபட்டுக்கொண்டேதான் இருந்தார்கள், அதனால்தான் கடைசியில் சட்டமாகவே கொண்டுவந்தார்கள்.

என் வீட்டில் ஹால் நடுவே நின்று பாட்டுப் பாடுகிற சாமான், இன்னொரு நாட்டில் விற்றால் ஜெயில். இதை ஜீரணிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

எனக்கு முதலில் வந்த எண்ணம், நான் கவனக்குறைவாக இருந்தேன், அவ்வளவுதான் என்பது. வாக்கர் விற்கிறவர்களும் அதையே சொல்வார்கள், ஸ்டிக்கரிலும் அதுதான் இருக்கிறது: பெரியவர் ஒருவர் பார்வையிலேயே வைத்திருக்கவும். ஆனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி 2001-லேயே இதைத் தடை செய்யச் சொல்லிக் கேட்டபோது எடுத்துக்காட்டிய விஷயமே இதுதான். வாக்கரால் அடிபட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் அருகில் ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே அடிபட்டவர்கள். வாக்கரில் உட்கார்ந்த குழந்தை ஒரு நொடியில் மூன்றடிக்கும் மேலே போய்விடும். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், நான் கழுத்தைத் திருப்பி சட்டையை எடுத்துத் திரும்ப இரண்டு நொடி. ஆறடி. என் கட்டில் ஆறடி. அவ்வளவு கச்சிதமாக இருக்கிறது.

தவழுகிற குழந்தையும் அயர்ன் பாக்ஸ் ஒயரை இழுக்கும் என்று சொல்லலாம். இழுக்கும். ஆனால் தவழுகிற குழந்தை வந்து சேர நேரமாகும், வழியில் ஒரு தூசியைப் பார்த்து நின்றுவிடும், வந்த பிறகும் கை எட்ட எழுந்து நிற்க வேண்டும். அந்தத் தாமதம்தான் இத்தனை காலம் நம்மைக் காப்பாற்றியிருக்கிறது. எழுந்து நிற்கக் கற்றுக்கொள்வதற்குள் நாமும் மெல்ல மெல்ல வீட்டை மாற்றிவிடுகிறோம், கத்தியை மேலே வைக்கிறோம், ஒயரைச் சுருட்டுகிறோம். வாக்கர் அந்த மாதங்களை ஒரே நாளில் தாண்டிவிடுகிறது. குழந்தைக்கு நடக்கிறவளின் வேகமும் உயரமும் வந்துவிடுகிறது, புத்தி மட்டும் எட்டு மாதத்தில் இருக்கிறது, வீடும் எட்டு மாதக் குழந்தைக்கு ஏற்ற வீடாகவே இருக்கிறது.

இப்போது அந்த ரப்பர் பட்டைக்கு வருகிறேன். அது பிரேக். அமெரிக்காவில் தடை செய்யவில்லை, அதற்குப் பதிலாகத் தர விதி வைத்தார்கள். சக்கரம் படியின் விளிம்பைத் தாண்டி இறங்கியதும் அடிச்சட்டம் தாழ்ந்து, இந்த ரப்பர் தரையைக் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்த வேண்டும். 1997-ல் கம்பெனிகள் தாமாக ஏற்றுக்கொண்ட விதி அது, 2010-ல் அரசின் கட்டாய விதியாக மாறியது. நியாயமாகச் சொல்ல வேண்டும், அது வேலை செய்திருக்கிறது. 2018-ல் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்த ஆய்வு 1990 முதல் 2014 வரை அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த கணக்கைப் பார்த்தது. 15 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் மட்டும் சுமார் 2,30,676 பேர். பத்தில் ஒன்பது பேருக்குத் தலையிலோ கழுத்திலோ அடி. நாலில் மூன்று பேர் மாடிப்படியில் உருண்டவர்கள். ஆனால் 1990-க்கும் 2003-க்கும் நடுவில் மொத்தக் காயங்கள் 84.5 சதவீதம் குறைந்தன, படியில் விழுவது 91 சதவீதம் குறைந்தது. கட்டாய விதி வந்த பிறகு இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஆக, விதியே போதும், தடை எதற்கு என்று கேட்கிறவர்கள் முட்டாள்கள் கிடையாது. அந்த எண்களைப் பார்த்துவிட்டு நானும் அரை மணி நேரம் அந்தப் பக்கம் சாய்ந்தேன்.

அப்புறம் போய்ச் சோதித்தேன். முதுகில் மாட்டுகிற பையில் தண்ணீர் பாட்டில்களை அடைத்து எட்டு கிலோ ஆக்கி, வாக்கரில் உட்கார வைத்து, வாசலில் இருக்கும் ஒற்றைப் படியை நோக்கித் தள்ளினேன். இது ஆய்வகச் சோதனை கிடையாது, ஒரு மனிதன் ஞாயிற்றுக்கிழமை காலையில் பையைத் தள்ளி விளையாடியது, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். மெதுவாகத் தள்ளியபோது ரப்பர் பிடித்து நின்றது, அருமை. வேகமாகத் தள்ளியபோதும் நின்றது. மூன்றாவது தடவை கொஞ்சம் சாய்வாக, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் முதலில் இறங்குகிற மாதிரி விட்டேன். வண்டி பக்கவாட்டில் திரும்பிக் கவிழ்ந்து, பாட்டில் உருண்டு தெருவுக்குப் போனது. குனிந்து பார்த்தால் ரப்பர் பட்டை முழுக்கத் தூசியும் தலைமுடியும். பதினோரு நாளில் ஒட்டியது. பட்டையை வாரம் ஒரு முறை துடைக்கவும் என்று கையேட்டில் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன், இல்லை.

சரி, ரப்பர் சுத்தமாகவே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அது படியைத்தான் பார்த்துக்கொள்ளும். அயர்ன் பாக்ஸுக்கு அதனிடம் பதில் இல்லை. குளியல் தொட்டிக்கு இல்லை, மேசை விரிப்பின் நுனியில் இருக்கிற சூடான காபிக்கும் இல்லை.

இந்த இடத்தில்தான் அரசுகள் எதைத் தடை செய்கின்றன, எதைத் திருத்துகின்றன என்று எனக்கு ஆர்வம் வந்து, தேடல் வேறு பக்கம் போய்விட்டது. தொட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பித் தொட்டிலில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள், உடம்பு கம்பிக்கு நடுவில் போய்த் தலை மாட்டிக்கொண்டு. அதற்காகத் தொட்டிலைத் தடை செய்யவில்லை, கம்பிகளுக்கு நடுவே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1970-களில் விதி போட்டார்கள், அந்த ஆபத்து ஒரு அளவுகோலில் அடங்கிவிட்டது. பக்கச் சட்டத்தைக் கீழே இறக்குகிற தொட்டில் ஒன்று இருந்தது, குனியாமல் குழந்தையைத் தூக்க வசதி. அதன் கொக்கிகள் தேய்ந்து, சட்டம் பாதி கழன்று, மெத்தைக்கும் சட்டத்துக்கும் இடையில் குழந்தை சிக்கிக்கொள்ளும். 2000-க்குப் பிறகு மட்டும் 30-க்கு மேற்பட்ட சாவுகள். அதைச் சரிசெய்ய மாற்றுக் கொக்கி அனுப்பிப் பார்த்தார்கள், கடைசியில் 2011 ஜூன் 28 முதல் அந்த வகையையே தடை செய்தார்கள், அசையாத பக்கம் உள்ள தொட்டில் அப்படியே இருக்கிறது. மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளின் பொம்மையில் உதிரும் சின்னப் பாகத்துக்கு ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள், 31.7 மில்லிமீட்டர் விட்டம், குழந்தையின் தொண்டையை நினைத்துச் செய்தது, பாகம் அதற்குள் முழுசாக இறங்கிவிட்டால் அந்தப் பொம்மை விற்கக் கூடாது. இதையெல்லாம் கழற்றித் திருத்த முடியும்.

தொட்டில் கம்பியைச் சுற்றிக் கட்டுகிற பஞ்சுத் தடுப்பு, பம்பர் என்பார்கள், அதன் கதைதான் வேடிக்கை. கம்பி இடைவெளி அகலமாக இருந்த காலத்தில் தலை மாட்டாமல் இருக்க அது வேண்டியிருந்தது. இடைவெளி விதி வந்ததும் அதன் வேலை முடிந்துவிட்டது. ஆனால் அழகாக இருக்கிறதே, அறையின் நிறத்துக்குப் பொருந்துகிறதே! இன்னும் நாற்பது வருடம் ஓடியது. அதற்குள் குழந்தைகள் முகம் அந்தப் பஞ்சில் புதைந்து மூச்சு முட்டி இறந்தார்கள். சிகாகோ நகரம் 2011-ல் தடை விதித்தது, மேரிலாந்து மாநிலம் 2013-ல், நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது 2022-ல்.

வாக்கரில் எதைக் கழற்றுவது? சக்கரத்தைக் கழற்றலாம். கழற்றினால் அது ஒரே இடத்தில் நிற்கிற விளையாட்டு நாற்காலி. அதைத்தான் மருத்துவர்களும் மாற்றாகச் சொல்கிறார்கள். அப்படியென்றால் இதில் ஆபத்து எந்த உதிரிப் பாகத்திலும் இல்லை, குழந்தை நகர்வதில் இருக்கிறது, நகர்வதற்குத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம். இது புரிந்த பிறகு எனக்குக் கனடாக்காரர்கள் செய்தது மிகை என்று தோன்றவில்லை.

நடை சீக்கிரம் வரும் என்பதற்காகத்தான் நிறையப் பேர் வாங்குகிறார்கள், என் பெரியம்மா உட்பட. அதுவும் இல்லை. 1999-ல் சீகல், பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பார்த்தபோது, வாக்கரில் இருந்த குழந்தைகள் உட்காருவது, தவழுவது, நடப்பது எல்லாவற்றிலும் பின்தங்கியே இருந்தார்கள். முன்னால் இருக்கும் பெரிய தட்டு காலை மறைக்கிறது, குழந்தை தன் கால் என்ன செய்கிறது என்று பார்க்கவே முடியவில்லை. 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அயர்லாந்துக் குழந்தைகளைப் பற்றி வந்த ஆய்வில் இன்னும் துல்லியமாகக் கணக்கே இருக்கிறது: வாக்கரில் கழித்த நேரம் மொத்தமாகச் சேர்ந்து 24 மணி ஆனால், தானாக நடப்பது 3.3 நாள் தள்ளிப்போகிறது, தானாக நிற்பது 3.7 நாள். நாங்கள் தினம் ஒன்றரை மணி நேரம் வைத்தோம். பதினோரு நாள். பெரிய நஷ்டம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் லாபம் என்று நினைத்து உட்கார வைத்தது அது.

இதற்கு நடுவில் என் நண்பன் ஒருவன் போன் செய்தான். அவனுக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம். சொந்தக்காரர் வீட்டுப் பரணில் இருந்து சாய்வாகப் படுக்க வைத்து ஆட்டுகிற குட்டித் தொட்டில் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள், அதில் போட்டால் உடனே தூங்குகிறது, உனக்கும் வேண்டுமா என்றான். நான் அப்போது இந்த ஆராய்ச்சியில் ஊறியிருந்தேன். என்ன சாய்வு என்றேன். சும்மா, லேசாக, என்றான். படம் அனுப்பச் சொன்னேன்.

இந்தச் சாய்வுத் தொட்டிலின் கதை தெரியாதவர்களுக்காக. ஃபிஷர்-பிரைஸ் கம்பெனி 2009-ல் ராக் 'ன் ப்ளே என்று ஒரு தொட்டிலைக் கொண்டுவந்தது, சுமார் 30 டிகிரி சாய்வு. தட்டையாகப் போட்டால் தூங்காத குழந்தைகள் இதில் தூங்கினார்கள், பெற்றோர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். பிரச்சினை என்னவென்றால், சாய்வில் படுக்கிற பச்சிளங்குழந்தையின் தலை முன்னால் சரிந்து தாடை நெஞ்சில் படிந்துவிடும், மூச்சுக்குழாய் மடங்கும், அதைச் சரிசெய்யத் தலையைத் தூக்க அதற்குக் கழுத்துப் பலம் இருக்காது. சத்தமே வராது. 2019 ஏப்ரலில் 47 லட்சம் தொட்டில்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள், அப்போது தெரிந்த சாவுகள் 30-க்கு மேல். 2023 ஜனவரியில் திரும்பவும் அறிவிப்பு, அப்போது சுமார் 100. அதில் குறைந்தது 8 குழந்தைகள் முதல் அறிவிப்புக்குப் பிறகு இறந்தவர்கள். யோசித்துப் பாருங்கள், திரும்பக் கொடுங்கள் என்று சொன்ன பிறகு.

எனக்கு ரத்தம் கொதித்த இடம் இன்னொன்று. 2011-லேயே கனடா அதிகாரிகள் இதைத் தூங்குவதற்கான பொருள் என்று விற்க விடவில்லை. அங்கே அது வேறு பெயரில், குழந்தையைச் சமாதானப்படுத்துகிற இருக்கை என்று விற்கப்பட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் தொட்டில், அந்தப் பக்கம் நாற்காலி, சாமான் ஒன்றுதான். அமெரிக்காவில் ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது, 6பி என்பார்கள், கம்பெனிக்குச் சொல்லாமல் அதன் பொருளின் பெயரை நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் வெளியே சொல்ல முடியாது. கம்பெனிப் பெயரை மறைக்காமல் அந்த ஆணையம் தவறுதலாகக் கொடுத்துவிட்ட தரவு, கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகையின் கையில் கிடைத்து அவர்கள் எழுதிய பிறகுதான் 2019-ல் விஷயம் வேகம் பிடித்தது. 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த எந்தத் தூக்கத் தொட்டிலையும் விற்கக் கூடாது என்ற சட்டம் 2022 மே மாதம் கையெழுத்தாகி அந்த நவம்பரில் அமலுக்கு வந்தது, பம்பரும் அதே சட்டத்தில்தான் போனது. 2009-லிருந்து 2022. அந்தக் காலத்தில் பிறந்த குழந்தை வளர்ந்து ஹைஸ்கூலுக்கே போய்விடும்.

நண்பன் அனுப்பிய படத்தில் இருந்தது அதே கம்பெனி இல்லை, சாய்வு அதே சாய்வு. "எடுத்துடுடா, இன்னைக்கு ராத்திரியே" என்றேன். "தூங்குறான்டா அதுல" என்றான். தூங்குகிறது என்பதற்காகத்தான் அது அத்தனை லட்சம் விற்றது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் தட்டையான தொட்டிலின் படம் வந்தது, கூடவே, "தூக்கம் போச்சு, சந்தோஷமா?"

தடை கடையை மூடும், பரணை மூடாது. 1998-ல் சிகாகோவில் ஒரு குழந்தைக் காப்பகத்தில் 17 மாதக் குழந்தை மடக்குத் தொட்டில் கழுத்தை நெரித்து இறந்தது. அந்தத் தொட்டிலைத் திரும்பப் பெறுவதாக ஐந்து வருடம் முன்பே, 1993-ல், அறிவித்துவிட்டார்கள். காப்பகத்துக்குத் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. அந்தப் பெற்றோர்கள் போராடிய பிறகுதான், அமெரிக்காவின் 2008 பொருள் பாதுகாப்புச் சட்டத்தில், குழந்தைப் பொருளோடு பதிவு அட்டை கொடுக்க வேண்டும், வாங்கியவரின் முகவரி கம்பெனியிடம் இருக்க வேண்டும் என்று வந்தது. அதுவும் முதலில் வாங்கியவரின் முகவரிதான். கைமாறிப் போனதற்கு யார் அட்டை நிரப்புவார்கள்?

பழைய சாமான் கைக்கு வந்தால் மாடல் எண்ணைப் பார்த்துத் தேட ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பின் உலகத் திரும்பப்பெறல் தளம் இருக்கிறது, பல நாட்டு அறிவிப்புகள் ஒரே இடத்தில். ஐரோப்பியர்களின் சேஃப்டி கேட் தளமும் இருக்கிறது. ஒன்றில் இல்லை என்றால் பத்திரம் என்று அர்த்தம் இல்லை. என் வாக்கரைத் தேடினேன், எதிலும் இல்லை. இருக்காதே, அதில்தான் குறையே இல்லையே.

பெரியம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. போன் செய்தேன். "நீயும் உன் தங்கச்சியும் அதுல ஓடி வளந்தவங்கதாம்பா" என்றார். ஆமாம் பெரியம்மா. "உனக்கென்ன கொறஞ்சு போச்சு?" ஒன்றும் குறையவில்லை. விழுந்த குழந்தைகள் வந்து, எனக்கு இதுதான் ஆனது என்று சொல்லப் போவதில்லை, தப்பித்தவர்கள்தான் வளர்ந்து பெரியவர்களாகிப் பேசுகிறோம், இதை நான் அவரிடம் சொல்லவில்லை, சண்டையாகிவிடும். கருகிய தட்டின் படத்தை அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம், "விரல் பட்டுதா?" என்று மட்டும் வந்தது. படவில்லை என்றேன். "தூக்கிப் போட்டுடு."

தூக்கிப் போடுவதும் லேசில்லை. யாருக்காவது கொடுக்க மனசு வரவில்லை. அப்படியே குப்பையோடு வைத்தால் எடுத்துக்கொண்டு போக ஆள் இருக்கிறது, புதுசு மாதிரி இருக்கிறதே. கனடா அரசு, உடைத்து, திரும்பப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட்டுப் போடச் சொல்கிறது. அப்படியே செய்தேன், இருக்கைத் துணியைக் குறுக்காக வெட்டினேன், சட்டத்தை இரண்டு துண்டாக அறுத்தேன், பாட்டுப் பெட்டியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மாற்றாக நாங்கள் எதுவும் வாங்கவில்லை. தரையில் ஒரு கனமான விரிப்பு, அவ்வளவுதான். முதல் வாரம் கொடுமை, அழுதாள், நானும் நின்றுகொண்டே சாப்பிட்டேன். இரண்டாவது வாரம் தவழ ஆரம்பித்தாள், முதலில் பின்பக்கமாக. பதினாலாவது மாதத்தில் சோபாவைப் பிடிக்காமல் நாலு அடி வைத்தாள். அயர்ன் பாக்ஸ் இப்போது அலமாரிக்குள், பூட்டி.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன், வாக்கரை அறுப்பதற்கு முன்னால் ஒரு தடவை, வாங்கிய கடையின் செயலியில் திருப்பி அனுப்பப் பார்த்தேன், பணத்துக்காக இல்லை, காரணம் என்று ஒன்று அவர்கள் பதிவில் ஏறட்டும் என்றுதான். பரிசுச் சீட்டில் எண் இருந்தது. காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது: உடைந்து வந்தது, பாகம் குறைகிறது, அளவு சரியில்லை, நிறம் வேறு, தாமதமாக வந்தது. எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் 'மற்றவை' என்று இருந்ததை அழுத்தி, மிக வேகமாக ஓடுகிறது, குழந்தைக்கு ஆபத்து, சில நாடுகளில் தடை செய்யப்பட்ட வகை, தயவுசெய்து விற்பதைப் பரிசீலியுங்கள் என்று நாலு வரி எழுதினேன். மறுநாளே பதில் வந்தது, சேவையில் ஒரு நட்சத்திரம் கூட குறைக்க முடியாது. சிரமத்துக்கு வருந்துகிறார்களாம். சக்கரத்தில் உள்ள பிரச்சினையைப் புரிந்துகொண்டார்களாம். வாக்கரை நான் வைத்துக்கொள்ளலாமாம்.

நாலு நாள் கழித்து வாசலில் ஒரு சின்னப் பெட்டி. பிரித்தேன். எட்டுச் சக்கரம், புத்தம் புதுசு.